காஞ்சித் தறியும் குழந்தை மனமும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் அமைந்த மாகறல், ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற தலமாகும். இவ்வூரை உள்ளிட்ட காஞ்சி வட்டாரத்தின் வரலாற்றைக் கோயில்களில் தேடிப் பழகிய நாம், அதன் தறிக்குழிகளிலும் தேடுதல் வேண்டும். குடும்ப வருவாய்க்கும் குழந்தையின் மனநலத்திற்கும் உள்ள உறவு அங்கே தெளிவாகப் புலப்படுகிறது.

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. உடலுக்கு ஒரு நிறமும் கரைகளுக்கு வேறொரு நிறமுமாக மூன்று நாடாக்கள் கொண்டு நெய்யும் இம்முறைக்கு, நெசவாளர் அருகே துணையாள் ஒருவர் தேவை. அவ்விடத்தில் நெடுங்காலம் பல வீடுகளில் சிறுவரே அமர்ந்தனர். கூலி போதாத பெற்றோர் முதலாளியிடம் முன்பணம் பெற்றனர். அக்கடன் பிள்ளையின் உழைப்பின்மீது ஏறியது.

குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தங்கள் செல்லாவென 1933ஆம் ஆண்டுச் சட்டமே கூறிற்று. கொத்தடிமை முறை 1976இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தார் துணையுடன் நடக்கும் பட்டறைகளுக்கு விலக்களித்தது. தறியோ வீட்டிற்குள்ளேயே இருந்தது! காஞ்சியின் பட்டுத்தறிகளில் சிறுவர் கடனுக்குக் கட்டுண்டிருந்ததை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் விரிவாகப் பதிவு செய்தது.

சிவகாசிச் சிறுவர் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வேரை நோக்கியது. விடுவிக்கப்படும் குழந்தையின் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை. இயலாவிடில், முதலாளி செலுத்தும் 20,000 ரூபாயும் அரசின் 5,000 ரூபாயும் கொண்ட வைப்பின் வட்டி, பிள்ளை பள்ளி செல்லும் வரை குடும்பத்திற்கு என்று அது பணித்தது.

இத்தீர்ப்பின் உட்பொருளைத் தொலைதூரச் சான்றொன்று விளக்குகிறது. அமெரிக்காவின் செரோக்கிப் பழங்குடியினர் தொடங்கிய சூதாட்ட விடுதியின் இலாபத்தில் ஒவ்வொரு குடும்பமும் பங்கு பெற்றது. வறுமையினின்று மீண்ட வீடுகளில் பிள்ளைகளின் முரட்டு நடத்தை தணிந்ததை 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பெற்றோர் பிள்ளைகளைக் கவனிக்கப் பெற்ற ஓய்வே அதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்பட்டது. ஆயினும் அச்சமும் மனச்சோர்வும் அவ்வளவாகக் குறையவில்லை. பணம் எல்லாப் புண்ணையும் ஆற்றிவிடுவதில்லை என்பதையும் நாம் உணர்தல் வேண்டும்.

2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதிற்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலிருந்தும் விலக்கியது. எனினும் பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத்திற்கு உதவலாம் என்ற வாயிலைத் திறந்தே வைத்தது. அவ்வாயிலை அடைக்கவல்லது பெரியவருக்குக் கிடைக்கும் போதிய கூலியே. கடன் கேட்டு வருவோரின் குரலுக்கு அஞ்சாத தந்தைதான் மகனின் குரலைச் செவிமடுப்பார்.