நாணம் மருத்துவத்திற்குத் தடையாகலாமா?



காவலூர் மலையிலிருந்து ஆலங்காயம் வழியாக இறங்கினால் வாணியம்பாடி, அதற்கப்பால் வேலூர். கடும் நோய் கண்டால் இவ்வட்டாரத்து மக்கள் நாடுவது வேலூரைத்தான். அந்நகரின் பெரிய மருத்துவமனை தோன்றிய வரலாற்றில் ஒரு முஸ்லிம் பெண்ணின் மரணமும் அடங்கியுள்ளது என்பதை நம்மில் பலர் அறியோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டு. திண்டிவனத்தில் தம் பெற்றோருடன் தங்கியிருந்த ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணின் வீட்டுக் கதவை ஒரே இரவில் மூவர் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர். உடனே வரவும் ஆயத்தமாயிருந்தார். ஆயினும் அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதை மூவரும் ஏற்கவில்லை. மருத்துவம் கற்காத ஐடாவோ செய்வதறியாது நின்றார். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே ஐடாவை மருத்துவம் கற்கத் தூண்டியது. 1899இல் அமெரிக்காவில் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1902இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனையைத் திறந்தார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார்.

இவ்வரலாறு இரு தரப்பாருக்கும் பாடம். உயிர் போகும் நிலையில் பெண் மருத்துவர் கிடைக்காவிடில் ஆண் மருத்துவரை நாட மார்க்கம் அனுமதிக்கிறது. அதை அறியாதது நம் குறை. அதே வேளையில், அப்பெண்களின் நாணத்தைப் பழிக்காமல், அதற்கேற்ப மருத்துவத்தை அமைத்ததே ஐடாவின் சிறப்பு.

நூறாண்டுகள் கழித்து இதே கேள்வி லண்டனில் எழுந்தது. 1991இல் சோமாலியாவின் அரசு வீழ்ந்தபின் அகதிகளாக வந்த பெண்கள் பலர், சிறுவயதிலேயே கத்னா செய்யப்பட்டவர்கள். அதிலும் மிகக் கொடிய வகை அது: உறுப்பை வெட்டி, சிறு துளை மட்டும் விட்டுத் தைத்துவிடுவார்கள். சிறுநீர் கழிப்பதும் மாதவிடாயும் வேதனை; பிரசவமோ உயிருக்கே ஆபத்து. முன்பின் கண்டிராத மருத்துவர் சிலர் அதிர்ச்சியை முகத்தில் காட்டினர். கூனிக் குறுகிய பெண்கள் மருத்துவமனைப் பக்கம் வரவே அஞ்சினர். 1990களில் அங்கே இவர்களுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவுகள் தோன்றின. பெண் மருத்துவர், குடும்பத்தைச் சேராத பெண் மொழிபெயர்ப்பாளர், பதற்றமில்லாத விசாரிப்பு, ஒவ்வொரு செயலையும் விளக்கி அனுமதி கேட்டல் ஆகியவை அங்கே நடைமுறையாயின. தைத்த பகுதியைப் பிரசவத்துக்கு முன்பே சிறு அறுவை மூலம் திறந்துவிடவும் வழி செய்தனர்.

இவ்வழக்கம் இஸ்லாத்தால் வந்ததன்று. இஸ்லாத்திற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எகிப்தில் இருந்தது. எத்தியோப்பியாவின் கிறிஸ்தவர்களிடமும் உண்டு. குர்ஆனில் இதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆதாரமாகக் காட்டப்படும் உம்மு அதிய்யா (ரலி) அவர்களின் அறிவிப்பைத் தம் நூலில் பதிவு செய்த இமாம் அபூதாவூத் அவர்களே, அது பலவீனமானது என்று குறிப்பிட்டுள்ளார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் இது கடமை என்ற கருத்து இருப்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்த அறிஞர்கள் சொன்னதும் மேற்கண்ட கொடுமையும் ஒன்றல்ல. உடலுக்குத் தீங்கு விளைவிப்பது கூடாது என்பதோ எல்லா மத்ஹபுகளும் ஏற்ற அடிப்படை. 2006இல் கெய்ரோவில் கூடிய உலமாக்கள் மாநாடு இவ்வழக்கத்தைத் தவிர்க்குமாறு அறிவித்தது. 2007இல் ஒரு சிறுமி இதனால் உயிரிழந்தபின், எகிப்தின் தலைமை முஃப்தி இது ஹராம் என்றார்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. இலங்கையில் நம் மொழி பேசும் முஸ்லிம் குடும்பங்களில், பிறந்து நாற்பது நாள் அளவில் 'ஒஸ்தா மாமி' எனப்படும் பெண்மணி வந்து செய்வது வழக்கமாயிருந்தது. 2018இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு, மருத்துவர்கள் இதைச் செய்யக் கூடாதெனச் சுற்றறிக்கை விடுத்தது. இந்தியாவில் தாவூதி போரா சமூகத்தில் ஏழு வயதையொட்டிச் செய்யப்படுகிறது. அதை எதிர்த்து 2017இல் தொடரப்பட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2018இல் கூடுதல் நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. உலகெங்கும் இவ்வாறு செய்யப்பட்டவர்கள் 23 கோடிக்கும் மேல் என்கிறது யுனிசெஃப்.

வழக்கத்தைக் கண்டிப்பது வேறு. அதற்கு ஆளான பெண்ணை அவமதிப்பது வேறு. குழந்தையாக இருந்தபோது நிகழ்ந்ததற்கு அவள் எவ்வாறு பொறுப்பாவாள்? வெளிநாட்டில் வாழும் நம் சகோதரிகளுக்கும், அங்கே செவிலியராகப் பணிபுரியும் நம் பெண்மக்களுக்கும் ஒன்று சொல்வோம். கருவுற்ற தொடக்கத்திலேயே தன் நிலையை மருத்துவரிடம் சொல்வது நாணத்துக்கு இழுக்கன்று. அதைக் கேட்பவர் முகம் சுளிக்காதிருப்பது அமானிதம்.

அகழ்ப் போரில் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. அங்கே காயமுற்றோருக்கு மருந்திட்டவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி. அத்தகைய மரபுக்கு உரிய நாம், ஒரு பெண் வெட்கத்தால் வாய் திறவாமல் மடிந்தாள் என்ற செய்தி இனி எங்கும் எழாதிருக்க முயல வேண்டும்.

அல்லாஹ் நம் பெண்மக்களின் உடலையும் மானத்தையும் காப்பானாக! ஆமீன்.