நுண்ணுயிர் எதிர்ப்புப் பருத்தித் துணி

நுண்ணுயிர் எதிர்ப்புப் பருத்தித் துணி என்பது, பாக்டீரியாக்கள் பெருகுவதைத் தடுக்கும் பொருளை இழையோடு சேர்த்துத் தயாரிக்கப்படும் துணியாகும். பருத்தி ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. அதில் தங்கும் வியர்வையும் அழுக்கும் பாக்டீரியாக்கள் வளர இடம் தருகின்றன. மருத்துவமனை விரிப்புகளிலும் காயக்கட்டுத் துணிகளிலும் இது நோய்த்தொற்றுக்கு வழிவகுக்கலாம்.

வரலாறு

1867-இல் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் காயங்களைக் கட்டும் முறையை வெளியிட்டார். அந்த மருந்து துணியில் ஊறியிருந்ததே தவிர, இழையோடு பிணையவில்லை. பின்னாளில் வெள்ளிச் சேர்மங்களும் டிரைக்குளோசானும் துணிகளில் பயன்பட்டன. 2016-இல் அமெரிக்கா, வீட்டு உபயோகச் சோப்புகளில் டிரைக்குளோசானுக்குத் தடை விதித்தது. இத்தகைய வேதிப்பொருள்கள் பற்றிய கவலை, இயற்கைப் பலபடிகள் மீதான ஆர்வத்தை வளர்த்தது.

அவற்றுள் முதன்மையானது கைட்டோசான். 1811-இல் ஹென்றி பிராகொன்னோ காளான்களில் கைட்டினைக் கண்டறிந்தார். 1859-இல் சார்லஸ் ரூஷே அதைக் காரத்தில் கொதிக்கவைத்து, அமிலத்தில் கரையும் பொருளாக மாற்றினார். 1894-இல் ஹோப்பே-சைலர் அதற்குக் கைட்டோசான் எனப் பெயரிட்டார். இந்தியாவில், கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இறால் ஓட்டுக் கழிவிலிருந்து இதைத் தயாரிக்கும் முறையை உருவாக்கியது.

செயல்படும் விதமும் நிலைப்பும்

அமிலத்தன்மையுள்ள ஈரத்தில் கைட்டோசானின் அமினோ தொகுதிகள் நேர்மின்சுமை பெறுகின்றன. பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்சுமை உடையது. இரண்டும் ஈர்க்கப்படுவதால் பாக்டீரியாவின் உறை சிதைந்து, உள்ளிருக்கும் பொருள்கள் கசிகின்றன.

கைட்டோசானை வெறுமனே பூசினால் சில சலவைகளில் அகன்றுவிடும். எனவே சிட்ரிக் அமிலம் போன்ற பல்கார்பாக்சிலிக் அமிலத்துடன் கரைசலாக்கி, துணியை நனைத்துப் பிழிந்து, உலர்த்தி, உயர்வெப்பத்தில் பதப்படுத்துவர். அப்போது அமிலம் செல்லுலோசுடன் எஸ்டர் பிணைப்பை உண்டாக்கி, கைட்டோசானையும் இழையில் நிறுத்துகிறது. இம்முறையில் பார்மால்டிகைடு தேவையில்லை. ஆனால் அமிலமும் வெப்பமும் இழையின் வலிமையைக் குறைக்கும். துணி விறைக்கும், வெள்ளைத் துணி மஞ்சளாகவும் கூடும். எதிர்மின்சுமை கொண்ட சலவைத்தூள் எச்சம் கைட்டோசானின் ஆற்றலை மங்கச் செய்யும். ஆகவே புதுத் துணியில் கிடைக்கும் முடிவு மட்டும் போதாது. பலமுறை துவைத்த பின்னும் பாக்டீரியா எண்ணிக்கை குறைகிறதா என்பதே உண்மையான சோதனை.

தமிழ்நாட்டில்

1956-இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தில் (சிட்ரா) மருத்துவத் துணிகளுக்கென ஒரு சிறப்பு மையம் இயங்குகிறது. வாகனத் தொழிலால் அறியப்பட்ட ஒரகடம், மருத்துவக் கருவிகள் பூங்காவுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடமாகும். காயக்கட்டுத் துணியும் மருத்துவக் கருவிகளின் வகையில் சேர்வதால், கொங்குநாட்டின் நூலுக்கும் கடற்கரையின் இறால் ஓட்டுக்கும் இங்கே பயன் கிடைக்க வாய்ப்புண்டு.