உப்பளத்துக் கல்லறையும் ஒரு பெயர்வெளிச் சிக்கலும்

உப்பளம் கல்லறைத் தோட்டத்துக் கல் ஒன்றில் யாரும் பொறிக்காத ஒரு வரியை, பொறித்த வரியாகவே அச்சுக்குக் கொடுக்க இருந்தேன். "இங்கே கல் உடைந்துள்ளது" என்பது அந்த வரி. இறந்த தேதிக்குக் கீழே, அதே எழுத்தில், அதே அளவில் இருந்தது. மெய்ப்புப் பார்த்த நண்பர் "கல்லுலயே இப்படி எழுதியிருக்காங்களா?" என்று கேட்டபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. கல்லின் வரைபடத்தில் நான் போட்டுவைத்த அடையாளக் குறிப்பு அது. வாசகத்துக்குள் எப்படி வந்தது என்று தேடப்போய்தான் இந்தக் கட்டுரை.

கல்லறை வாசகங்களைச் சில ஆண்டுகளாக டிஇஐ முறையில் எக்ஸ்எம்எல் கோப்புகளாக எழுதி வருகிறேன். பழைய நூல்களையும் ஆவணங்களையும் கணினியில் குறியிடுவதற்குப் பொது விதிகள் வேண்டும் என்று 1987-இல் அமெரிக்காவின் வாஸர் கல்லூரியில் கூடியவர்கள் தொடங்கிய முயற்சி அது. கல்வெட்டுகளுக்கென்று அதிலிருந்து கிளைத்தது எபிடாக். தமிழ், சமஸ்கிருதக் கல்வெட்டுகள் பலவற்றை 2019-இல் தொடங்கிய 'தர்மா' ஆய்வுத் திட்டத்தினர் இந்த எபிடாக்கில்தான் குறியிட்டார்கள். நம்மூர் துய்மா வீதியில் மையம் வைத்திருக்கும் தூரகிழக்கு பிரெஞ்சு ஆய்வுப் பள்ளிக்கும் அதில் பங்கு உண்டு. என்னுடையது அந்த வழியில் ஒருவர் மட்டும் செய்யும் சின்ன வேலை.

என் கோப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு சொற்தொகுதிகள் கலந்திருக்கும். வாசகம் டிஇஐ. கல்லின் வடிவம், உடைந்த மூலை ஆகியவை எஸ்விஜி, அதாவது கோட்டுப் படத்துக்கான எக்ஸ்எம்எல். சிக்கல் என்னவென்றால், 'டெக்ஸ்ட்' என்ற குறி இரண்டிலும் உண்டு. டிஇஐயில் அது மூல ஆவணத்தின் முழு வாசகம். எஸ்விஜியில் படத்தின் மேல் எழுதும் ஒரு துண்டு எழுத்து. 'டைட்டில்', 'டெஸ்க்' இரண்டுக்கும் இதே கதைதான். ஹெச்டிஎம்எல்லும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்: 'ஹெட்' என்றால் டிஇஐயில் தலைப்பு, ஹெச்டிஎம்எல்லில் பக்கத்தைப் பற்றிய தகவல் பெட்டி. உப்பளம் என்றால் மரக்காணத்துக்காரருக்கு உப்பு விளையும் பாத்தி, எங்களுக்கு வீட்டு விலாசம். அதுபோலத்தான்.

இதைத் தீர்க்கத்தான் 1999 ஜனவரியில் எக்ஸ்எம்எல் பெயர்வெளிகள் என்ற பரிந்துரை வந்தது. எக்ஸ்எம்எல் வெளியாகி ஓராண்டுகூட நிறைவடையவில்லை. விதி எளிது: ஒவ்வொரு சொற்தொகுதிக்கும் இணைய முகவரி வடிவில் ஒரு முழுப்பெயர். கோப்புக்குள் அதைச் சுருக்கமாகச் சொல்ல ஒரு முன்னொட்டு. நம் இனிஷியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் இரண்டு 'செ. அந்தோணி' இருக்கலாம், ஒருவனுடைய அப்பா செல்வராஜ், இன்னொருவனுடைய அப்பா செபாஸ்டியன். 'செ' ஒன்றுதான், ஆள் வேறு. அதேபோல 'எஸ். அந்தோணி' என்று ஆங்கிலப்படி எழுதினாலும் செல்வராஜ் மகன் அவனேதான். கணினி பார்ப்பதும் அப்பா பெயரை, இனிஷியலை அல்ல. முன்னொட்டே இல்லாமல், "இந்தக் கோப்பில் வெறும் பெயரெல்லாம் இன்ன பெயர்வெளி" என்று தலையில் அறிவித்துவிடவும் செய்யலாம். இந்த வசதியில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள்.

புதுச்சேரிக்காரருக்கு இது புதிதல்ல. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தங்கள் வழக்குரிமையைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள், ஆளுக்கொரு குடும்பப் பெயர் எடுத்தார்கள். ஆள் மாறவில்லை, தெரு மாறவில்லை. ஆனால் பழைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு புதிய பதிவேட்டில் தேடினால் கிடைக்க மாட்டார்.

டிஇஐக்கும் அப்படி ஒரு ஆண்டு உண்டு: 2007. அதற்கு முந்தைய பி4 பதிப்பில் பெயர்வெளி கிடையாது. 2007-இல் வந்த பி5-இல் எல்லாக் குறிகளும் டிஇஐ பெயர்வெளிக்குள் போயின. என் உருமாற்ற நிரலோ பி4 காலத்து எக்ஸ்எஸ்எல்டி. யாரோ எழுதியதை எடுத்துத் திருத்தியது. எக்ஸ்எஸ்எல்டி 1.0-இல் முன்னொட்டு இல்லாத பெயர் என்றால் 'எந்தப் பெயர்வெளியிலும் இல்லாதது' என்றே பொருள். என் கோப்பின் தலையில் என்ன அறிவித்திருந்தாலும் நிரலுக்கு அது பொருட்டல்ல. ஆகவே ஒரு வார்ப்புருவும் பொருந்தவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. பொருந்தாதபோது உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் அப்படியே கொட்டிவிட வேண்டும் என்பது அதன் இயல்பு விதி. பெயர், ஊர், தேதி எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே மூட்டையாக வந்து விழுந்தது.

அப்போது நான் செய்ததுதான் தப்பு. அவசரத்தில், பெயர்வெளியைப் பார்க்காமல் கடைசிப் பெயரை மட்டும் ஒப்பிடும் 'லோக்கல்-நேம்' வழியைப் பிடித்தேன். எல்லாம் சரியானது போலத் தெரிந்தது. உண்மையில் நான் சொன்னது, "அப்பா யாராயிருந்தாலும் சரி, அந்தோணின்னா உள்ளே வா" என்பது. எஸ்விஜியின் 'டெக்ஸ்ட்' உள்ளே வந்தது. கல்லறை வாசகத்தின் கடைசி வரியாக உட்கார்ந்தது.

இப்போது செய்வது இது. டிஇஐக்கு ஒரு முன்னொட்டு, எஸ்விஜிக்கு ஒரு முன்னொட்டு, இரண்டையும் நிரலின் தலையிலேயே முழு முகவரியோடு அறிவிக்கிறேன். முகவரியில் ஓர் எழுத்து பிசகினாலும் அது வேறு பெயர்வெளி. அதனால் கையால் அடிக்காமல் நகலெடுத்து ஒட்டுகிறேன். எஸ்விஜி முழுவதையும் தொடாமல் அப்படியே பிரதி எடுக்க ஒரு வார்ப்புரு. முன்னொட்டு இல்லாத பண்புகள் எந்தப் பெயர்வெளியிலும் சேராதவை. அவற்றைத் தேடும்போது முன்னொட்டுப் போடுவதில்லை. எக்ஸ்எஸ்எல்டி 2.0 கையில் இருப்பவர்கள் 'எக்ஸ்பாத்-டிஃபால்ட்-நேம்ஸ்பேஸ்' என்று ஒரு வரி போட்டு வெறும் பெயர்களுக்கு டிஇஐயைக் கொடுத்துவிடலாம். இதற்கெல்லாம் மேலே, எந்த வார்ப்புருவிலும் சிக்காத குறி வந்தால் வேலையை நிறுத்திக் கத்தும்படி ஒரு கடைசி வார்ப்புரு. மௌனமாகக் கொட்டுவதைவிட அது நல்லது.

மறுநாள் காலை மீண்டும் கல்லறைக்குப் போனேன். தேதிக்குக் கீழே கல் வெறுமையாகத்தான் இருந்தது. அந்த வெறுமையையும் அப்படியே பதிவு செய்வதுதான் என் வேலை. முன்பே அச்சில் இருந்த மற்றப் பதினொரு வாசகங்களையும் கல்லோடு வைத்து ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.