முழு உணவுப் புரதமும் புரதப் பொடியும்

உடலுக்கு வேண்டிய புரதத்தைப் பருப்பு, பயறு, பால், முட்டை, மீன், இறைச்சி போன்ற முழு உணவுகளிலிருந்து பெறலாம். பால், சோயா, பட்டாணி முதலியவற்றிலிருந்து பிரித்து உலர்த்திய புரதப் பொடிகளிலிருந்தும் பெறலாம். எந்த வழியில் வந்தாலும் இரத்தத்தில் சேர்வது அமினோ அமிலங்களே. உடன் வரும் சத்துகள், செரிக்கும் வேகம், விலை, தூய்மை ஆகியவற்றில் இரண்டும் வேறுபடுகின்றன. உடல்நலமுள்ள பெரும்பாலோருக்குச் சரிவிகித உணவே போதும். சில நோயாளிகள், பசி குன்றிய முதியோர், கடும் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்குப் பொடி பயன்படும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடலைப் பெருக்குவதற்காகப் புரதப் பொடி உண்பதைத் தவிர்க்குமாறு கூறுகிறது.

உடலில் புரதத்தின் பணி

தசை, தோல், முடி, நொதிகள், நோய் எதிர்ப்புப் பொருள்கள், பல ஹார்மோன்கள் ஆகியவை புரதத்தால் ஆனவை. உடல் தன் புரதங்களைக் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 9 உணவிலிருந்தே வந்தாக வேண்டும். அவற்றுள் லைசின், லியூசின், மெத்தியோனின், டிரிப்டோபேன் ஆகியவை அடங்கும். கொழுப்பைச் சேமித்து வைப்பதுபோல் புரதத்தைச் சேமிக்க உடலில் தனி இடம் இல்லை. தேவைக்கு மிஞ்சியது எரிபொருளாகிறது. கிராமுக்கு 4 கலோரி தருகிறது. அதிலுள்ள நைட்ரஜன் யூரியாவாக மாறிச் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. தசை வளர்வதற்கு முதல் தூண்டுதல் உடற்பயிற்சி. பயிற்சி இல்லாமல் கூடுதலாக உண்ணும் புரதம் தசையைப் பெருக்காது.

அன்றாடத் தேவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வளர்ந்தவர் ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் உயர்தரப் புரதம் தேவை. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இது ஏறத்தாழ 54 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம். பெரும்பாலும் தானியத்தையே நம்பிய உணவில் புரதத்தின் தரம் குறைவதால், அப்படி உண்போர் கிலோவுக்கு 1 கிராம் என்று கணக்கிடுவது நல்லது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் தேவை கூடும்.

முதியோருக்குத் தசை கரைவதைத் தடுக்கக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை பல வல்லுநர் குழுக்கள் பரிந்துரைக்கின்றன. எடைப் பயிற்சி செய்வோர் குறித்து 49 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராமைத் தாண்டினால் தசை வளர்ச்சியில் மேலும் பயன் தெரியவில்லை என்று அது கண்டது.

புரதத்தின் தரம்

ஓர் உணவின் புரதத் தரத்தை இரண்டு அளவுகோல்கள் முடிவு செய்கின்றன. இன்றியமையாத 9 அமினோ அமிலங்களும் போதிய அளவில் இருக்கின்றனவா என்பது ஒன்று. அவை எந்த அளவுக்குச் செரிக்கின்றன என்பது மற்றொன்று. முட்டை, பால், மீன், இறைச்சி, சோயா ஆகியவை இரண்டிலும் உயர்ந்து நிற்கின்றன. அரிசி, கோதுமை போன்ற தானியங்களில் லைசின் குறைவு. பருப்பு வகைகளில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால், தானியமும் பருப்பும் சேர்ந்த உணவின் புரதம் தனித்தனியாக உண்பதைவிடத் தரமானது. இட்லி, பொங்கல், பருப்புச் சாதம், அடை ஆகியவை இந்தச் சேர்க்கையில் அமைந்தவையே.

இவற்றை ஒரே வேளையில் சேர்த்து உண்டாக வேண்டும் என்ற கருத்து ஒரு காலத்தில் பரவியிருந்தது. அமெரிக்க எழுத்தாளர் பிரான்சிஸ் மூர் லாப்பே 1971-இல் எழுதிய நூல் அதைப் பரப்பியது. 1981-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவரே அதைத் திருத்தினார். நாள் முழுவதும் பலவகை உணவு உண்டால் போதுமானது.

சமைக்கும் முறையும் தரத்தை மாற்றும். பயறை ஊறவைத்து, முளைகட்டி, நன்கு வேகவைக்கும்போது செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் குறைகின்றன. பச்சை முட்டை குடித்தால் வலிமை கூடும் என்ற நம்பிக்கை உடற்பயிற்சி செய்வோரிடம் நெடுங்காலமாக உண்டு. ஆனால் வேகவைத்த முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு செரிக்கும்போது, பச்சை முட்டையில் பாதியளவே செரிக்கிறது என்று 1998-இல் வெளிவந்த பெல்ஜிய ஆய்வு காட்டியது.

முழு உணவுகளில் புரதம்

சமைக்காத 100 கிராம் உணவில் உள்ள புரதத்தின் தோராய அளவு:

- துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, உளுந்து, கொள்ளு: 21 முதல் 24 கிராம்
- முழுக் கொண்டைக்கடலை: 19 கிராம்
- சோயா பயறு: 36 கிராம்
- மீல் மேக்கர் எனப்படும் சோயா உருண்டை: 50 கிராம்
- நிலக்கடலை: 24 கிராம்
- தோல் நீக்கிய கோழிக்கறி, மீன்: 18 முதல் 22 கிராம்
- பன்னீர்: 19 கிராம்
- முட்டை: 13 கிராம் (ஒரு முட்டையில் 6 கிராமுக்குச் சற்று மேல்)
- பசும்பால்: 3.3 கிராம்
- அரிசி: 8 கிராம்

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரிக்கு வகுத்த ஒருநாள் உணவுத் தட்டில் 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு, 300 மில்லி பால் அல்லது தயிர், 35 கிராம் கொட்டை வகை, 400 கிராம் காய்கறியும் கீரையும் இடம்பெறுகின்றன. தானியத்தில் 20 கிராம், பருப்பில் 19, பாலில் 10, நிலக்கடலையில் 8 எனக் கூட்டினால் காய்கறியைச் சேர்க்காமலே 57 கிராம் புரதம் கிடைக்கிறது. சைவம் உண்பவருக்கும் பொடியின் துணை இல்லாமல் தேவை நிறைவேறும் என்பதற்கு இந்தக் கணக்கே சான்று.

இந்தத் தட்டில் தானியமும் பருப்பும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் உள்ளன. நடைமுறையில் பல வீடுகளில் சோறு மலையாகக் குவிய, பருப்பு குழம்பில் கரைந்து மறைகிறது. ஒருவர் பங்குக்கு 15 கிராம் பருப்பு விழும் சாம்பாரில் 3 கிராம் புரதமே உண்டு. கெட்டிப் பருப்பு, கூட்டு, சுண்டல், மொச்சைக் குழம்பு, தயிர், முட்டை, நெத்திலி என ஒவ்வொரு வேளையும் ஒன்று சேர்ந்தால் இந்தக் குறை தீரும்.

பொடி தயாரிக்கும் முறை

சந்தையில் பரவலாக விற்கப்படும் வே புரோட்டீன் பாலிலிருந்து வருகிறது. பால் புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கேசீன். மீதி 20 விழுக்காடு தெளிநீரில் தங்குபவை. பாலாடைக்கட்டி செய்யும்போது கேசீன் திரண்டுவிட, வே எனப்படும் தெளிநீர் பிரிகிறது. ஒரு காலத்தில் இதைப் பன்றிகளுக்கு ஊற்றினார்கள், அல்லது கழிவாக விட்டார்கள். 1970-களில் நுண்சவ்வு வடிகட்டல் பால் தொழிலில் பரவியபின் தெளிநீரிலிருந்து புரதத்தைச் செறிவாக்கிச் சூடான காற்றில் தெளித்து உலர்த்துவது எளிதாயிற்று. செறிவு வகையில் 80 விழுக்காடு வரையும், மேலும் தூய்மையாக்கிய வகையில் 90 விழுக்காடும் புரதம் உண்டு. 24 கிராம் புரதம் தரும் ஒரு ஸ்கூப் வே பொடிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் பாலின் தெளிநீர் வேண்டும்.

கேசீன், சோயா, பட்டாணி, அரிசி ஆகியவற்றிலிருந்தும் பொடிகள் உண்டு. எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் கொலாஜனில் டிரிப்டோபேன் அறவே இல்லை. அதை மட்டும் புரத மூலமாக நம்பக் கூடாது.

வரலாறு

கேசீன் அடிப்படையிலான சானட்டோஜென் என்ற ஊட்டப்பொடி 1898-இல் ஜெர்மனியில் அறிமுகமானது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பளுதூக்கல் பயிற்சியாளர் பாப் ஹாப்மன் சோயாப் பொடியை உடற்பயிற்சி இதழ்கள் வழியே விற்றார். பொடிக்கும் ஜிம்முக்கும் உள்ள தொடர்பு அக்காலத்தில் வலுப்பட்டது.

1976-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் எடைக்குறைப்பு நூல், கொலாஜனிலிருந்து செய்த திரவப் புரதத்தை மட்டுமே அருந்தும் முறையைப் பரப்பியது. அம்முறையைப் பின்பற்றியவர்களில் ஏறத்தாழ 60 பேர் இறந்தனர். பலர் இதயத் துடிப்புக் கோளாறால் மாண்டனர்.

ஏழை நாடுகளின் பசியும் இதே காலத்தில் புரதத்தோடு பிணைத்துப் பேசப்பட்டது. உலகம் புரத நெருக்கடியை நோக்கிச் செல்கிறது என்று ஐக்கிய நாடுகள் அவை 1968-இல் எச்சரித்தது. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன், இந்தியக் குழந்தைகளின் முதல் குறை போதிய உணவே இல்லாதது என்று வாதிட்டார். தானியமும் பருப்பும் வயிறு நிறையக் கிடைத்தால் புரதமும் உடன் கிடைத்துவிடும் என்பது அவர் கருத்து. 1974-இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் டொனால்டு மெக்லாரன் மருத்துவ இதழான லான்செட்டில், புரத நெருக்கடிக் கொள்கையையே பெருந்தோல்வி என்று சாடினார்.

ஒப்பீடு

முழு உணவு புரதத்தைத் தனியே தருவதில்லை. பயறில் நார்ச்சத்து, போலேட், இரும்பு, பாலில் கால்சியம், முட்டையில் கோலின், வைட்டமின்கள், மீனில் நல்ல கொழுப்பு ஆகியவை உடன் வருகின்றன. அந்தச் சேர்க்கை தசைக்கும் உதவக்கூடும். எடைப் பயிற்சிக்குப் பின் 18 கிராம் புரதத்தை முழு முட்டையாக உண்டவர்களின் தசைப் புரத ஆக்கம், அதே அளவை வெள்ளைக்கருவாக உண்டவர்களைவிடக் கூடியதாக 2017-இல் இல்லினாய் பல்கலைக்கழகச் சிறு ஆய்வு கண்டது.

பொடியின் பலம் எளிமையும் செறிவும். அது விரைவில் செரிக்கும், லியூசின் மிகுந்தது, சமைக்க வேண்டியதில்லை, குறைந்த கலோரியில் கூடுதல் புரதம் தரும். ஆனால் பல பொடிகளில் சர்க்கரை, செயற்கை இனிப்பு, மணமூட்டி சேர்கின்றன. செறிவு வகையில் பால் சர்க்கரையான லாக்டோஸ் எஞ்சியிருப்பதால் சிலருக்கு வயிற்று உப்புசம் ஏற்படும். ஒரு ஸ்கூப் தரும் 24 கிராம் புரதம் நான்கு முட்டைகளிலோ 100 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான கொள்ளிலோ கிடைத்துவிடும். விலையும் பெரும்பாலும் குறைவு.

தூய்மையும் கலப்படமும்

உணவின் புரதத்தை அளக்க டென்மார்க்கின் யோகான் கெல்டால் 1883-இல் வகுத்த முறை இன்றும் வழக்கில் உள்ளது. அது நைட்ரஜனை அளந்து, 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிப் புரத அளவைச் சொல்கிறது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்பதை அதனால் பிரித்தறிய இயலாது. இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்தித்தான் சீனாவில் பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்தார்கள். 2008-இல் வெளிப்பட்ட அந்தக் கொடுமையில் ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 6 குழந்தைகள் இறந்தனர். விலை மலிந்த கிளைசின் போன்ற தனி அமினோ அமிலங்களைப் பொடியில் கலந்து புரத அளவை உயர்த்திக் காட்டும் மோசடியும் இதே வழியில் நடக்கிறது.

இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்த கேரள மருத்துவர்களின் ஆய்வு 2024-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 70 விழுக்காடு பொடிகளில் புரத அளவு குறித்த தகவல் தவறாக இருந்தது. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 விழுக்காட்டில் பூஞ்சை நச்சான அப்ளாடாக்சின் காணப்பட்டது. பொடி வாங்குவோர் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண், சேர்பொருள் பட்டியல், சார்பற்ற ஆய்வகச் சான்று ஆகியவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்.

பொடி தேவைப்படுவோர், தவிர்க்க வேண்டியோர்

தீக்காயம், பெரிய அறுவை சிகிச்சை, புற்றுநோய், விழுங்குவதில் சிரமம் ஆகிய நிலைகளில் பொடி மருத்துவ உணவாகப் பயன்படுகிறது. இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகள் சிகிச்சையின்போது புரதத்தை இழப்பதால் அவர்களுக்குத் தேவை கூடுகிறது. பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்கு, பினைல்அலனின் நீக்கிய அமினோ அமிலக் கலவையே மூளையைக் காக்கும் உணவு. 1953-இல் மருத்துவர் ஹோர்ஸ்ட் பிக்கெல் குழுவினர் இச்சிகிச்சையை விளக்கினர்.

சிறுநீரகம் பழுதுபட்டும் இரத்தச் சுத்திகரிப்புக்கு வராத நிலையில் உள்ளவர்கள் புரதத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பொடியைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு உயர்புரதப் பொடிகளை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. வளரும் பிள்ளைகளுக்கும் முதல் தேவை நல்ல உணவு.

பொது உணவுத் திட்டங்கள்

தமிழ்நாட்டில் 1982-இல் விரிவான வடிவம் பெற்ற சத்துணவுத் திட்டத்தில் பின்னர் முட்டையும் பயறும் சேர்ந்தன. உயர்தரப் புரதம் ஏழைக் குழந்தைகளுக்குச் சோற்றோடு சேர்ந்து தட்டில் கிடைப்பது இத்திட்டத்தின் பெரும் பலன். 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு சலுகை விலையில் கிடைக்கிறது. நால்வர் உள்ள குடும்பத்தில் இது ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 கிராம் பருப்பு. பரிந்துரையோ 85 கிராம். எஞ்சிய அளவை அங்காடி விலை கொடுத்து வாங்க முடியாத குடும்பங்களில்தான் புரதக் குறை தங்குகிறது. பருப்பு, பயறு, முட்டை, பால் ஆகியவற்றை அவர்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கச் செய்வதே அதற்குத் தீர்வு.