கல்லுக்குள் இருந்த திமிங்கிலம்

நம் வயதுக்காரர்களுக்கு எழும்பூர் மியூசியம் என்றால் ‘செத்த காலேஜ்’. மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. செத்த காலேஜில் திமிங்கில எலும்புக்கூட்டை வாய் பிளந்து பார்க்காத பிள்ளைகள் குறைவு. உயிர் காலேஜ் 1985-இல் நம் பீர்க்கன்கரணைக்குப் பக்கத்திலேயே, வண்டலூருக்கு வந்துவிட்டது. அங்கே நீர்யானையைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திமிங்கிலமும் இந்த நீர்யானையும் சொந்தக்காரர்கள். அது தெரியவந்த கதையில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

திமிங்கிலம் மீன் அல்ல என்று பள்ளியிலேயே படித்தோம். நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். திமிங்கிலம் மேலும் கீழுமாக ஆட்டும். நாய் பாய்ந்து ஓடும்போது அதன் முதுகு வளைந்து நிமிர்வதைப் பாருங்கள், அதே அசைவுதான். ஆகவே, தரையில் நடந்த ஏதோ ஒரு மிருகம் கடலுக்குள் போயிருக்க வேண்டும். எந்த மிருகம், எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி.

விடை கிடைத்த இடங்கள் இன்று பாலைவனமும் மலையும். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலப்பரப்பு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதிக்கொண்டிருந்த காலம். இடையில் டெத்திஸ் என்ற கடல், அதன் ஓரங்களில் ஆழமில்லாத வெதுவெதுப்பான நீர். பிறகு கடல் ஒடுங்கியது, இமயமலை எழுந்தது, கரையோரச் சேறு பாறையானது.

குஜராத்தின் வறண்ட கட்ச் பகுதியில் அசோக் சஹ்னியும் விஜய் பிரகாஷ் மிஸ்ராவும் 1970-களில் ஆதித் திமிங்கில எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். அங்கே கிடைத்த, கால்களும் நீண்ட வாலும் கொண்ட ஒரு சிறிய திமிங்கிலத்துக்கு 2000-இல் ‘கட்சிசீட்டஸ்’ என்று ஊர்ப் பெயரையே வைத்தார்கள். பாகிஸ்தானில் கிடைத்த ‘பாக்கிசீட்டஸ்’ இன்னும் பழையது. நான்கு காலில் நடந்தது. எகிப்துப் பாலைவனத்தில் ‘வாடி அல் ஹிதான்’, அதாவது திமிங்கிலப் பள்ளத்தாக்கில் உள்ளவை பிற்காலத்தவை. அவற்றின் பின்னங்கால்கள் உடலைத் தாங்கவே முடியாத அளவுக்குச் சிறுத்துவிட்டன. 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

இவற்றுக்கெல்லாம் முந்தைய கண்ணி எது? இங்கேதான் ஏ. ரங்கா ராவ் வருகிறார். இந்தியப் புவியியலாளர். ஜம்மு காஷ்மீரின் ரஜௌரி மாவட்டத்தில் கலாகோட் என்ற இடத்தில் கிடைத்த சில பற்களையும் தாடைத் துண்டுகளையும் வைத்து 1971-இல் ‘இந்தோஹியஸ்’ என்ற மிருகத்தை அறிவித்தார். அதே பகுதியிலிருந்து பாறைத் துண்டுகளையும் நிறையச் சேர்த்து வைத்தார். அவற்றில் பலவற்றை உடைத்துப் பார்க்கும் முன்பே காலமாகிவிட்டார். அவர் மனைவி ஜெர்மனியில் பிறந்தவர். அந்தக் கற்களைத் தூக்கி எறியாமல் காப்பாற்றி, ஹான்ஸ் தெவிசென் என்ற ஆராய்ச்சியாளரிடம் ஒப்படைத்தார்.

பாறையிலிருந்து எலும்பைப் பிரிக்கும்போது ஒரு மண்டையோடு தற்செயலாக உடைந்தது. உள்ளே தெரிந்த காது எலும்பின் ஒரு பக்கச் சுவர் தடித்திருந்தது. அது திமிங்கிலக் குடும்பத்தின் அடையாளம்! ஆனால் இந்த மிருகமோ பூனை அளவுதான், பார்க்க நம் காட்டுச் சருகுமான் மாதிரி. மான், மாடு, பன்றி போல இரட்டைக் குளம்பு இனம். கால் எலும்புகள் நீர்யானைக்கு இருப்பதுபோலக் கனமானவை. தண்ணீரில் மிதந்துவிடாமல் அடியில் நடப்பதற்கு உதவுபவை. தெவிசென், ரூர்க்கி ஐ.ஐ.டி.யின் சுனில் பாஜ்பாய் முதலானோர் 2007 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டார்கள்.

இந்தோஹியஸ் திமிங்கிலத்தின் நேர்ப் பாட்டன் அல்ல. பாட்டனின் கூடப் பிறந்தவன், சின்னத் தாத்தா முறை என்று வைத்துக்கொள்ளலாம். இன்று உயிரோடு இருப்பவற்றில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை என்பதை மரபணு ஆய்வுகளும் சொல்கின்றன.

எனக்கு மனதில் நிற்பது அந்த அம்மாள்தான். கணவர் போன பிறகு வீட்டை அடைத்துக் கிடக்கும் கற்களை எத்தனை பேர் வைத்திருப்பார்கள்? நம் பரண்களிலும் பழைய கடிதம், போட்டோ, கணக்கு நோட்டு என்று ஏதேதோ கிடக்கிறது. இன்னது, இன்ன ஊரில் கிடைத்தது என்று ஒரு சீட்டாவது எழுதி அதோடு கட்டி வையுங்கள். எடைக்குப் போடும் முன் யாராவது படிப்பார்கள்.