கோதுமை மணியும் கூலியற்ற ஊழியமும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு வட திருநெல்வேலியில் ‘தாழ்மை’ என்னும் கிறித்தவக் கருத்தாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தாழ்மையும் தன்னலமற்ற ஊழியமும் கிறித்தவ போதனையின் அடிப்படைக் கூறுகள். இப்போதனை தமிழ் மண்ணில் யார் வாயிலாக, யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறியது. சிவகாசியை மையமாகக் கொண்டு கூடாரத்தில் வாழ்ந்து பணியாற்றிய தாமஸ் கஜெட்டன் ராக்லண்டு (1815–1858), வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்தியான்பேட்டையை உருவாக்கிய ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867) ஆகிய இருவரையும் அருகருகே வைத்து இக்கட்டுரை அம்மாற்றத்தை ஆராய்கிறது. ராக்லண்டுக்குத் தாழ்மை என்பது இருந்ததைத் துறப்பதாக அமைந்தது. அருளப்பனுக்கோ அதே தாழ்மை பிறருக்குக் கீழ்ப்படாதிருக்கும் உரிமையாக வடிவெடுத்தது என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தாழ்மை, ஊழியம், உபதேசியார், ராக்லண்டு, அருளப்பன், கிறிஸ்தியான்பேட்டை, அசரியா.

முன்னுரை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடைப்பட்ட மம்சாபுரம் முதலான ஊர்கள் இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. 1910ஆம் ஆண்டுவரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தின் வட எல்லையாக இருந்தது. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தத் திருச்சபை ஆவணங்களில் இந்நிலம் ‘வட திருநெல்வேலி’ என்றே குறிக்கப்பெறுகிறது. திருநெல்வேலிக் கிறித்தவ வரலாறு எழுதியோர் பெரும்பாலும் தெற்கே, பனைவிளைகளும் தேரிமணலும் நிறைந்த பகுதியிலேயே கவனம் செலுத்தினர். திரளான மதமாற்றம் நிகழ்ந்தது அங்கேதான் என்பதால் அது இயல்பே. வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலிருந்து கரிசல்வெளி வரை பரந்த இந்நிலத்தில் எண்ணிக்கை குறைவு; எனினும் தாழ்மை என்னும் போதனை செயலாக்கம் பெற்ற விதத்தை ஆராய்வதற்கு எண்ணிக்கை மிகுந்த தெற்கைவிட எண்ணிக்கை குறைந்த வடக்கே கூடுதலாக உதவுகிறது.

சொற்கள் சுமந்து வந்த பொருள்

கிறித்தவ மறையுரையாளர் தாழ்மைக்கு ஆதாரமாகக் காட்டும் விவிலியப் பகுதிகள் முதன்மையாக மூன்று. இறைநிலையிலிருந்த கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்றதைக் கூறும் பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம் ஒன்று. இறுதி இரவில் அவர் சீடர்களின் கால்களைக் கழுவியதைக் கூறும் யோவான் பதின்மூன்றாம் அதிகாரம் மற்றொன்று. நிலத்தில் விழுந்து மடியும் கோதுமை மணியே பலன் தரும் என்னும் யோவான் பன்னிரண்டாம் அதிகார உவமை மூன்றாவது.

இப்பகுதிகள் வெற்றிடத்தில் வந்து விழவில்லை. பணிவைத் திருக்குறள் அடக்கமுடைமை, பெருமை ஆகிய அதிகாரங்களில் பேசுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் அமைத்துப் பூமாலை தொடுத்த கைங்கரியம் ஊரறிந்த மரபு. அடியாருக்கு அடியாராதலைப் பேறாகக் கருதும் வைணவ உணர்வு அம்மண்ணில் வேரூன்றியிருந்தது. தொண்டு செய்பவன் உயர்ந்தவன் என்னும் கருத்தைக் கேட்டு இவ்வட்டார மக்கள் வியந்திருக்கமாட்டார்கள். அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்கக்கூடியது கால் கழுவும் நிகழ்ச்சியே. பாதபூசை மரபில் சீடன் குருவின் காலைக் கழுவுகிறான். யோவான் நற்செய்தியில் குரு சீடனின் காலைக் கழுவுகிறார். யார் யாரைத் தொடலாம் என்பதைச் சாதி வரையறுத்த சமூகத்தில் இத்தலைகீழாக்கம் வெறும் அறவுரையாக நின்றுவிட இயலாது.

‘ஊழியம்’ என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சிக்கலானது. தமிழ்க் கிறித்தவ வழக்கில் அது இறைப்பணியைக் குறிக்கும் உயர்ந்த சொல். திருநெல்வேலிச் சீமையை ஒட்டிய திருவிதாங்கூரிலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஒடுக்கப்பட்ட சாதியார் அரசுக்குக் கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பின் பெயர். கூலி தரப்படாத உழைப்பு என்பது இரு வழக்குக்கும் பொது; விருப்பமா கட்டாயமா என்பதே வேறுபாடு. ஒரே சொல் ஒருவருக்கு அருட்பேறாகவும் மற்றொருவருக்கு அவமானமாகவும் ஒலித்த காலத்தில்தான் இங்கு ஆராயப்படும் நிகழ்வுகள் நடந்தன. ‘தாழ்மை’யின் நிலையும் ஏறத்தாழ அதுவே. பிறப்பால் தாழ்த்தப்பட்டவரிடம் தாழ்மையைப் போதிப்பதும் உயர்நிலையில் இருப்பவரிடம் அதைப் போதிப்பதும் ஒன்றல்ல.

கூடாரத்தில் ஒரு கல்லூரி ஆய்வாளர்

ராக்லண்டு 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்ந்த அவர், கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் பயின்று 1841ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்று, அக்கல்லூரியின் ஆய்வாளராகவும் அமர்ந்தார். சர்ச் மிஷனெரி சங்கத்தின் (சி.எம்.எஸ்.) சார்பில் 1846இல் சென்னை வந்து அங்குச் செயலராகப் பணியாற்றினார். அலுவல் முறையில் திருநெல்வேலிக்குச் சென்றபோது, தெற்கே சபைகள் பெருகியிருக்க வடக்கே பரந்த நிலம் தொடப்படாமல் கிடப்பதைக் கண்டார். அதன் விளைவே 1854இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் ஆகியோருடன் அவர் தொடங்கிய வட திருநெல்வேலிச் சுற்றுப்பணி.

அதுவரை அருட்பணியின் இயல்பான வடிவம் ‘நிலையம்’. பங்களா, பள்ளி, ஆலயம் ஆகியவற்றைச் சுற்றி அது அமைந்தது. மக்கள் அதை நாடி வருவர். சுற்றுப்பணியோ கூடாரத்தை ஓர் ஊரின் அருகே அடித்துச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்குச் சென்றபின் அடுத்த ஊருக்குப் பெயர்வது. பங்களா வராந்தாவில் காத்துநின்ற மக்களைக் காண்பதற்கும் ஊர் மந்தையில் அந்நியராகப் போய் நிற்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடு சிறியதன்று. பின்னதில் ஏளனமும் புறக்கணிப்பும் நேரும். கேட்பவர் எழுந்து போய்விடலாம். அதிகாரத்தின் சுவர் இல்லாத இடத்தில் பேசுவதே இப்பணிமுறையின் உட்கருத்து.

வெற்றிக்கான திட்டங்கள் பலவற்றை எண்ணிப்பார்த்த ராக்லண்டு, அவற்றுள் மிக உறுதியானது கிறிஸ்துவின் திட்டமே என்றும், அது கோதுமை மணியாக நிலத்தில் விழுந்து மடிவதே என்றும் எழுதினார். நுரையீரல் நோயால் இரத்தம் கசிந்து உடல் நலிந்த நிலையிலும் அவர் பணியிடத்தை விட்டு அகலவில்லை. 1858 அக்டோபர் 22ஆம் நாள் சிவகாசியில் இறந்தார். பணி தொடங்கி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கண்ணுக்குத் தெரிந்த பலன் சிறிதே. 1861இல் பெரோன் எழுதிய வாழ்க்கை வரலாறும், பின்னாளில் டோனாவூரிலிருந்து ஏமி கார்மைக்கேல் எழுதிய நூலும் கோதுமை மணி உவமையை அவர் வாழ்க்கையின் திறவுகோலாக்கின. மறைந்த மணியாக வாழ விரும்பியவர் நினைவுச்சின்னமாக்கப்பட்டார் என்பது வரலாற்றின் முரண்.

இங்கு மற்றொரு வழக்கையும் நோக்கலாம். திருநெல்வேலிக் கிறித்தவர் அருட்பணியாளரை ‘ஐயர்’ என்று விளித்தனர். கால்டுவெல் ஐயர், ராக்லண்டு ஐயர் என்பன அவ்வாறு அமைந்தவை. உள்ளூர்ப் போதகருக்குத் துணைநின்ற கீழ்நிலைப் பணியாளர் ‘உபதேசியார்’. தம்மை ஊழியக்காரர் எனக் கூறிக்கொண்டவரை மக்கள் மரியாதையின் உச்சச் சொல்லால் அழைத்தனர். உண்மையில் ஏவல் கேட்டவருக்கு அச்சொல் கிடைக்கவில்லை.

மாத முறையில் வந்தவர்கள்

சுற்றுப்பணியின் வரலாறு மூன்று ஆங்கிலேயரின் வரலாறாகவே பெரிதும் சொல்லப்பட்டுள்ளது. ஆயின் அப்பணியின் நடைமுறை வேறொருசாராரை நம்பியிருந்தது. தென் திருநெல்வேலிச் சபைகள் தம் உபதேசியார்களை மாத முறையில் வடக்கே அனுப்பின; அவர்களுக்கான செலவையும் அச்சபைகளே ஏற்றன. பனையேறிப் பிழைத்த குடும்பங்களின் காணிக்கை கரிசல்காட்டுப் பணிக்குச் சென்றது.

இவ்வேற்பாடு இரண்டு வகையில் குறிப்பிடத்தக்கது. முதலாவது, மிஷனெரியிடம் பெறும் நிலையிலிருந்த சபைகள் இங்குக் கொடுக்கும் நிலைக்கு மாறின. இரண்டாவது, தெற்கிலிருந்து வந்த உபதேசியார் எதிர்கொண்ட சூழல் ராக்லண்டு எதிர்கொண்டதினும் கடினமானது. ஓர் ஆங்கிலேயர் ஊர் மந்தையில் நின்றால் வேடிக்கை பார்க்கவேனும் கூட்டம் சேரும். சாதிப் பெயரால் முன்னமே எடைபோடப்பட்ட தமிழர் ஒருவர் அதே மந்தையில் நின்று போதிக்கும்போது, எந்தத் தெருவில் நுழையலாம், எந்தக் கிணற்றில் நீர் பெறலாம் என்பனவும் அவர்முன் நின்ற வினாக்கள். ராக்லண்டு விரும்பி இறங்கிவந்த படிக்கட்டின் அடியில் அவர் முன்பே நிறுத்தப்பட்டிருந்தார். அவர் செய்தது தாழ்ச்சியா, துணிவா என்று கேட்டால் துணிவு என்பதே பொருத்தமான விடையாகும்.

இதே காலத்தில் சாதியைக் கைவிடுதலைத் தாழ்மையின் சோதனையாக ஆக்கும் போக்கும் வலுப்பெற்றது. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்கக் கட்டளையிட்டார். 1850இல் சென்னை மிஷனெரி மாநாடு அதே திசையில் கடுமையான தீர்மானம் நிறைவேற்றியது. சாதிச் செருக்கைக் கண்டித்த அளவில் அவை தேவையான நடவடிக்கைகள். ஒரே கிண்ணத்தில் பருக மறுத்தவர்கள் இருந்த சபையில் வேறுவழி இல்லை. ஆயினும் அச்சோதனை ஒருவழிப் பாதையாகவே இருந்தது. தமிழர் தமிழரோடு உண்ணவேண்டும் என்று விதித்தவர்கள், ஐரோப்பியர் தமிழரோடு உண்பது பற்றி விதி எதுவும் செய்யவில்லை.

ஊதியத்தை மறுத்தவர்

ராக்லண்டு கூடாரம் அடிப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளாவது முன்னரே, அதே வட்டாரத்தில் வேறுவகையான ஊழியம் தொடங்கிவிட்டது. அருளப்பன் பாளையங்கோட்டையில் ரேனியஸ் நடத்திய கல்விக்கூடத்தில் பயின்றவர். 1833இல் இந்தியா வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரின் தொடர்பு அவரது பாதையை மாற்றியது. எக்ஸெட்டர் நகரின் பல் மருத்துவராக நல்ல வருவாய் பெற்ற குரோவ்ஸ், உடைமையைச் சேர்த்துவைக்காது முழுமையாக ஒப்படைக்கவேண்டும் என்பதை 1825இலேயே சிறுநூலாக எழுதியவர். எச்சங்கத்தின் ஊதியமும் இன்றிப் பாக்தாத் சென்று, பின் இந்தியா வந்தார். குருப்பட்டம் பெறாத இந்தியரும் திருவிருந்து நடத்தலாம் என்பது அவர் நிலைப்பாடு. அன்றைய சூழலில் அது அதிர்ச்சி தரும் கருத்து.

குடும்பத்தவராகிய அருளப்பன், நிலையான மாத ஊதியத்தை மறுத்து இறைநம்பிக்கையில் வாழ முடிவெடுத்தார். 1840களின் தொடக்கத்தில் வத்திராயிருப்புக்கு அருகே, வேளாண்மையை அடிப்படையாகக் கொண்ட குடியிருப்பாகக் கிறிஸ்தியான்பேட்டை உருவானது. அவர் அங்கிருந்து ஊர் ஊராகச் சென்று போதித்தார். 1860இல் அங்குத் தொடங்கிய எழுப்புதல் திருநெல்வேலிச் சபைகளுக்கும் பரவியது. பொதுநிலையினரும் பெண்களும் அதில் முன்னின்று பேசினர். சங்கங்களின் அருட்பணியாளர் அதை ஐயத்தோடும் வியப்போடும் நோக்கினர். அருளப்பனின் நாட்குறிப்புகளைத் தொகுத்து ஜி. எச். லாங் 1939இல் நூலாக வெளியிட்டார்.

ஊதிய மறுப்பை வெறும் எளிமை எனக் கொள்வது போதாது. அக்காலத்தில் ஓர் உபதேசியார் எங்குச் செல்வது, எதைச் சொல்வது, எப்போது நீங்குவது என்பவற்றை அவருக்குச் சம்பளம் தந்த மிஷனெரியே தீர்மானித்தார். ஊதியத்தை விட்டவர் வறுமையை மட்டும் ஏற்கவில்லை, கண்காணிப்பிலிருந்தும் விடுபட்டார். ராக்லண்டு கல்லூரிப் பதவியின் பெருமையை விட்டு இறங்கியபோது அவர் ஆங்கிலேயராக இருப்பது நின்றுவிடவில்லை. அவர் கொண்டுவந்த கூடாரமும் அதைச் சுமக்க ஆட்களை வேண்டியது. அருளப்பன் மாதச் சம்பளத்தை விட்டபோதோ, ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையேயிருந்த எசமான் – பணியாள் உறவையே கைவிட்டார். இருவரும் படித்தது ஒரே பிலிப்பியர் நிருபம். அதிலிருந்து ஒருவர் அடிமை வடிவேற்றலையும் மற்றவர் அடிமைத்தளை நீங்கலையும் பெற்றனர். கூலியற்ற ஊழியம் என்னும் பழிச்சொல் அருளப்பனிடம் விரும்பி ஏற்ற உரிமையாக மாறியதை இவ்வட்டாரக் கிறித்தவ வரலாற்றின் முக்கியமான பொருண்மை மாற்றமாகக் கொள்ளலாம்.

எடின்பரோவில் எழுந்த மறுப்பு

தியாகத்துக்கும் சமத்துவத்துக்கும் இடையேயுள்ள இவ்விடைவெளியை வெளிப்படையாகப் பேசியவரும் திருநெல்வேலியின் மகனே. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா, 1903இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாவதில் முன்னின்றார். இந்தியப் பணமும் இந்திய ஆட்களும் இந்திய நிருவாகமும் கொண்டு இயங்குவது அதன் கொள்கை; தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல் அதன் களம். தெற்குச் சபைகள் தம் காணிக்கையால் உபதேசியார்களை வடக்கே அனுப்பிய முறைக்கும், வெளிநாட்டு ஊதியத்தை மறுத்த அருளப்பனின் நிலைப்பாட்டுக்கும் இச்சங்கத்தோடு நேர்த்தொடர்பு கற்பிக்க வேண்டுவதில்லை. மூன்றின் உள்ளமைப்பும் ஒத்திருப்பது போதும்.

1910இல் எடின்பரோவில் நடைபெற்ற உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா ஆற்றிய உரை அவையைக் கலங்கச் செய்தது. மிஷனெரிகளின் வீரத்தையும் தன்மறுப்பையும் இந்தியத் திருச்சபை நன்றியோடு நினைக்கும் என்று ஏற்றுக்கொண்ட அவர், உடைமையை ஏழைகளுக்கு அளித்தும் உடலைச் சுட்டெரிக்கக் கொடுத்தும் இருக்கிறீர்கள், ஆயினும் எங்களுக்கு வேண்டுவது அன்பு, நண்பர்களைத் தாருங்கள் என்னும் கருத்துப்பட முடித்தார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய அன்பு பற்றிய அதிகாரத்தை மிஷனெரிகளை நோக்கியே திருப்பிய உரை அது. கீழிறங்கி வந்து செய்யும் தொண்டில் செய்பவர் மேலே இருந்தவர் என்னும் நினைவு நீங்குவதில்லை. நட்பில் அந்நினைவுக்கு இடமில்லை. ராக்லண்டின் கூடாரம் அந்நட்பை நோக்கி எடுத்துவைத்த ஓர் அடி என்பதை மறுப்பதற்கில்லை. அவ்வளவில் அது பங்களாவைவிட நேர்மையானது.

அதே 1910இல் ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் வட்டங்கள் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டுப் புதிய இராமநாதபுரம் மாவட்டத்தோடு இணைந்தன. வட திருநெல்வேலி என்ற பெயர் வழக்கொழிந்தது. மாத முறையில் நடந்துவந்த உபதேசியார்களின் பெயர்களைத் தேடுவோர் மிஷனெரி வாழ்க்கை வரலாறுகளை விட்டு, அவர்களை அனுப்பிய தென் திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கைக் கணக்குகளிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும்.