வகுப்பறைக்குள் புதுமை நுழைந்த வழி



கல்வி அமைச்சு புதிய திட்டம் ஒன்றை அறிவிக்கும்போதெல்லாம், ஆசிரியர்கள் மாற்றத்தை விரும்பாதவர்கள் என்ற பேச்சும் உடன் எழுகிறது. நம் நாட்டுக் கல்வி வரலாறு அதனை மெய்ப்பிக்கவில்லை என்பதே என் கருத்து.

1982இல் 302 பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கி, 1983இல் நாடு முழுவதும் முதலாம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது கே.பி.எஸ்.ஆர். எனப்படும் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம். (1993இல் ‘புதிய’ என்பது ‘ஒருங்கிணைந்த’ என மாறியது, சுருக்கப்பெயர் மட்டும் மாறவில்லை.) வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகிய அடிப்படைத் திறன்களே அதன் உயிர்நாடி. ஆசிரியருக்கோ அது பெரும் புரட்சி. கரும்பலகையை நோக்கி வரிசையாக அமர்ந்திருந்த மாணவர்களை அடைவுநிலைக்கேற்பக் குழுக்களாகப் பிரிக்க வேண்டும்; பின்தங்கியோருக்குக் குறைநீக்கல், முந்தியோருக்கு வளப்படுத்தும் நடவடிக்கை. ஒரே பாடவேளையில் பல வகைப் பயிற்சிகள்! மின்னட்டைகளையும் பிற பயிற்றுத்துணைப் பொருள்களையும் ஆசிரியரே எழுதி, வெட்டி, ஒட்டினார்.

பயிற்சி மேலிருந்து படிப்படியாக இறங்கி வந்தது. அமைச்சு முதன்மைப் பயிற்றுநர்களுக்குக் கூற, அவர்கள் அடுத்த நிலையினருக்குக் கூற, இறுதியில் ஆசிரியர் தனியொருவராக வகுப்பினுள் நுழைந்தார். ‘என்ன செய்ய வேண்டும்’ என்பது அவரை வந்தடைந்தது. ‘நாற்பது பேரை வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது’ என்பது வழியிலேயே கசிந்துவிட்டது. 1980களில் உருவான ஆசிரியர் நடவடிக்கை மையங்கள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்தன. அண்டைப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடித் துணைப்பொருள்களை உருவாக்கவும் அனுபவங்களைப் பகிரவும் அங்கு இடம் கிடைத்தது.

2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் நீர்மப் படிக உருகாட்டியும் வந்தன. பேச்செல்லாம் அக்கருவிகளைப் பற்றியே. அதே திட்டத்தில், ஆங்கில ஆசிரியர் தம் பள்ளியின் அறிவியல், கணித ஆசிரியருக்குத் தோழராக நின்று மொழியில் உதவும் ஏற்பாடும் இருந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? கொள்கை சரியா, தவறா என்பது வேறு வழக்கு. அதனைக் கைவிடும் முடிவு 2009இல் எடுக்கப்பட்டது.

பின்னர் மெய்நிகர் கற்றல் தளம் வந்தது. அதன் பயன்பாடு மிகக் குறைவு என 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டியது. 2019இல் அதுவும் முடிவுற்றது.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகள் மூடப்பட்டபோது நிகழ்ந்ததைப் பெற்றோர்களே கண்கூடாகக் கண்டீர்கள். கணினியைத் தொடத் தயங்கிய மூத்த ஆசிரியர்கள்கூடச் சில வாரங்களில் கூகுள் வகுப்பறையைத் திறந்தனர். பலருக்குக் கற்றுக்கொடுத்தவர், இரவு பத்து மணிக்கும் புலனத்தில் பொறுமையாகப் பதிலளித்த அடுத்த வகுப்பு இளைய ஆசிரியைதான். அப்பயிற்சிக்கு வருகைப் பதிவேடும் இல்லை, சான்றிதழும் இல்லை.